அப்பா, கடல் எங்கை?

போன மாதம் ஒரு தம்பி தொலைபேசி எடுத்தார். யேர்மனிக்கு வந்து நாலு வருடம். மனிசியும் இரண்டு பிள்ளைகளும். பொதிகள் பிரிக்கும் களஞ்சியம் ஒன்றில் இரவு வேலை. சுகம் விசாரித்து, ஊர்ப்புதினம் எல்லாம் கதைத்து முடிந்த பிறகு, கடன் கேட்கப் போகிற ஆள் மாதிரிக் கொஞ்சம் இழுத்தார்.

"அண்ணை, ஒண்டு கேட்டால் சிரிக்கக்கூடாது. ஒரு எண்ணூறு யூரோவுக்குள்ள பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு ஒரு கிழமை எங்கையாவது போய் வரலாமோ? பள்ளிக்கூடத்தில எல்லாரும் போகினமாம் எண்டு மூத்தவன் ஒரே அழுகை."

நான் சிரிக்கவில்லை. எப்படிச் சிரிப்பேன்? இதே கேள்வியை ஒரு பழைய கொப்பியில் பென்சிலால் கூட்டிக் கழித்துப் பார்த்தவன் நான். அந்தக் கொப்பி இன்னும் வீட்டில் இருக்கிறது. தம்பிக்கு அன்றைக்குச் சொன்னது பாதி. மிச்சத்தையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எங்களுக்கு இந்த 'விடுமுறைக்குப் போதல்' என்ற சாமான் பழக்கமில்லை. நான் வேலணை ஆள். பள்ளிக்கூட லீவு விட்டால் அம்மம்மா வீடு. நல்லூர் கொடியேறினால் யாழ்ப்பாணத்தில் மாமி வீடு. கடல் பார்க்க வேணும் என்றால் சாட்டிக் கடற்கரை, சைக்கிளில் போய் குளித்துவிட்டு பின்னேரம் வீட்டுக்கு வந்துவிடலாம். இதற்கெல்லாம் யாராவது திட்டம் போடுவார்களா? காசு கட்டி வேற்று ஊரில் போய்ப் படுத்துவிட்டு வருவது என்பது கோயில் யாத்திரை போகிறவர்கள் செய்கிற வேலை என்றுதான் நினைத்திருந்தோம்.

இங்கே வந்தபிறகு 'ஊர்லாப்' என்ற சொல்லைப் பழகிக் கொண்டோம். டொச்சில் விடுமுறை. எங்கட பழைய ஆக்கள் சிலர் அதில் இருக்கிற 'ஊர்' என்ற சத்தத்தை வைத்துக்கொண்டு, ஊருக்குப் போகிறதுக்குத்தான் வெள்ளைக்காரன் அப்படிச் சொல்கிறான் என்று பகிடி விடுவார்கள். பகிடிதான். ஆனால் அகதிக்கு உலகத்தில் போக முடியாத ஒரே இடம் அந்த ஊர்தான். அகதி என்று ஏற்றுக்கொண்டு தருகிற நீலப் பயணப் பத்திரத்தில், சொந்த நாட்டைத் தவிர மற்ற எல்லா நாடுகளுக்கும் என்று எழுதியிருக்கும்.

நான் 1985 இல் கிழக்கு பேர்லினில் வந்து இறங்கி, நிலக்கீழ் றெயின் பிடித்து மேற்குக்கு வந்தவன். அந்த நாளில் எங்கட ஆக்கள் கனபேர் வந்த வழி அது. பிறகு டோட்முண்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நகரத்துக்குப் பிரித்து அனுப்பினார்கள். வழக்கு முடியும்வரை அந்த மாவட்ட எல்லையைத் தாண்ட எழுத்தில் அனுமதி வேணும். பக்கத்து நகரத்தில் நடந்த ஒரு சிநேகிதனின் கலியாணத்துக்கு அனுமதி எடுக்காமல் போய், ஸ்டேசனில் பொலிசிடம் பிடிபட்டுக் குற்றக்காசு கட்டினேன். அப்படிப் பழகின மனிதனுக்கு, அனுமதி கிடைத்த பிறகும் காலுக்குள் ஒரு கயிறு இருந்துகொண்டே இருக்கும். றெயின் மாவட்ட எல்லையைத் தாண்டினால் நெஞ்சு ஒருக்கால் அடிக்கும்.

இன்னொன்று, வேலைத்தலத்தில் லீவு கேட்கலாம் என்பதே எனக்குப் பல வருடமாகத் தெரியாது. ஒரு உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை. லீவு எடுத்தால் திரும்பிப் போகும்போது அந்த இடத்தில் வேறொருவன் நிற்பான் என்ற பயம். முதலாளியும் வாய் திறக்கவில்லை. 1995 இலிருந்து இந்த நாட்டுச் சட்டப்படி ஆறு நாள் வேலை செய்கிறவனுக்கு வருடத்தில் ஆகக் குறைந்தது 24 நாள் சம்பளத்தோடு லீவு. ஐந்து நாள் வேலை என்றால் 20. அதாவது நாலு கிழமை. இதை எனக்குச் சொன்னது பக்கத்து வீட்டு போலந்துக்காரர். (புதிதாக வந்திருக்கிற பிள்ளைகள் கவனிக்க: அது முதலாளி போடுகிற பிச்சை இல்லை. பகுதிநேர வேலைக்கும் உண்டு.)

சரி, கதைக்கு வருகிறேன்.

1997 ஐப்பசியில் மூத்த மகளின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் சந்திப்பு. அப்போது அவள் மூன்றாம் வகுப்பு. ஆசிரியை நல்ல மனுசி. கணக்கு நல்லம், வாசிப்பு நல்லம் என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே கேட்டா: "மயோர்க்கா எப்படி இருந்தது? உங்கள் மகள் மிக அழகாக எழுதியிருந்தாள்."

எனக்கு விளங்கவில்லை. கட்டுரையை எடுத்துக் காட்டினா. கோடை விடுமுறை முடிந்து வந்த முதல் கிழமையில் எல்லாப் பிள்ளைகளும் எழுதுகிற கட்டுரை. என் மகள் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள். விமானம், நீல நிற நீச்சல் தடாகம், அப்பா மணலில் படுத்திருந்தார், அம்மா தொப்பி வாங்கினா... அந்த விடுமுறை ஆறு கிழமையும் அவள் செய்தது எனக்குத் தெரியும். தம்பிமாரைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்தாள். புதனும் சனியும் நாங்கள் விளம்பரப் பத்திரிகை போடப் போகும்போது தள்ளுவண்டி தள்ளினாள்.

நான் ஆசிரியையைப் பார்த்து, "நல்லா இருந்தது, நல்ல வெயில்" என்றேன்.

வீட்டுக்கு வரும் வழியில் அதைப் பற்றி மகளிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவளும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நான் பொய்க்குத் துணை போய்விட்டேன் என்று அவளுக்குத் தெரியும். கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள்.

அன்றிரவு மனிசியிடம் சொன்னேன். அவ அழவில்லை, கோபிக்கவும் இல்லை. கறுவாத்தூள் போட்டு வைத்திருந்த பெரிய பால்மா ரின்னைக் கழுவிக் காயவைத்து அலுமாரிக்கு மேல் வைத்தா. அவ்வளவுதான். ஒன்பது மாதத்தில் அந்த ரின்னுக்குள் 1,200 மார்க் சேர்ந்தது. எப்படிச் சேர்ந்தது என்று கேட்காதேங்கோ. விளம்பரப் பத்திரிகை இரண்டு தெரு கூடியது, நான் சிகரெட்டை விட்டது, சீட்டில் ஒரு பங்கு குறைத்தது, இப்படி.

இனி எங்கே போவது? எங்கட ஆக்களின் வழக்கமான விடுமுறை சொந்தக்காரர் வீடு. சுவிசில் மச்சான், பாரிசில் சித்தப்பா, லண்டனில் பெரியம்மா மகள். படுக்கை இலவசம், சாப்பாடு இலவசம், ஆனபடியால் மலிவு என்று நினைப்போம். ஒருக்கால் கொப்பியில் எழுதிப் பாருங்கோ. போகிற வீட்டுப் பிள்ளைகளுக்கு உடுப்பு, வெறுங்கையோடு போகக்கூடாது என்று பலகாரம், போன நேரத்தில் வந்து விழுகிற சாமத்தியச் சடங்குக்கு அன்பளிப்பு. அவர்கள் திரும்பி எங்கள் வீட்டுக்கு வரும்போது அதே செலவு மறுபக்கத்தால். பிள்ளைகளுக்கோ விறாந்தையில் பாய். மகளின் கட்டுரைக்கு அது காணாது என்று எனக்குத் தெரிந்தது.

மனிசிதான் சொன்னா, "கடல் எண்டால் கடல் பாக்கோணும். இஞ்சை கடல் இல்லையோ?"

இருக்கிறது. ஊரைவிட்டு வந்து பதின்மூன்று வருடத்தில் நான் அதைப் போய்ப் பார்க்கவில்லை. தீவான் ஒருவன் பதின்மூன்று வருடம் கடல் பார்க்காமல் இருந்தான் என்று ஊரில் சொன்னால் நம்பமாட்டார்கள்.

வடகடல் கரையில் நோர்ட்டைக் என்று ஓரிடம். றெயின் துறைமுகம் வரைக்கும் போகும். அங்கே ஒரு யூகெண்ட்ஹெர்பேர்க இருந்தது. இளைஞர் விடுதி என்று பெயர், ஆனால் குடும்பமாகவும் போகலாம். இந்த விடுதிகளின் கதை எனக்குப் பிடிக்கும். றிச்சார்ட் ஷிர்மான் என்ற பள்ளிக்கூட வாத்தியார் 1909 இல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடைப்பயணம் போகும்போது இடிமழையில் அகப்பட்டு, ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் வைக்கோலில் படுத்தாராம். லீவு நாளில் சும்மா கிடக்கிற பள்ளிக்கூடங்களில் ஏழைப் பிள்ளைகள் படுக்கலாமே என்று அன்றைக்கு யோசித்ததுதான் தொடக்கம். 1912 இல் அல்ரெனா என்ற ஊரின் கோட்டையில் முதலாவது நிரந்தர விடுதி. அந்தக் கோட்டை எங்கள் வீட்டிலிருந்து அதிக தூரமில்லை. வைக்கோலில் படுத்த ஆள் தொடங்கிய இடம் என்றால் எங்களுக்கும் சரிவரும் என்று நினைத்தேன்.

றெயினுக்கு அப்போது ஒரு அருமையான ரிக்கெற் இருந்தது. சனி, ஞாயிறுக்கு மட்டும். வேக றெயினில் ஏற முடியாது, உள்ளூர் றெயின்களில் நாடு முழுக்கப் போகலாம், ஒரு ரிக்கெற்றில் ஐந்து பேர். 1995 இல் 15 மார்க்குக்குத் தொடங்கி, நாங்கள் போன வருடம் 35 மார்க். (2019 இல் அதை நிறுத்திவிட்டார்கள்.) நாங்கள் சரியாக ஐந்து பேர். கடைக்குட்டி பிறந்ததற்கு அன்றைக்குத்தான் ஒரு பொருளாதாரக் காரணம் கண்டுபிடித்தேன் :)

கொப்பியில் முதல் பக்கம் இப்படி இருக்கிறது. ஒரு சனி போய் மற்றச் சனி வருவது, ரிக்கெற் இரண்டு, 70. விடுதிச் சங்கத்தின் குடும்ப அங்கத்துவம் 32. படுக்கை, காலைச் சாப்பாட்டோடு ஐந்து பேருக்கும் ஒரு நாளுக்கு 92, ஏழு இரவுக்கு 644. இரவுச் சாப்பாடு 266. கடற்கரை ஊர்களில் விருந்தாளியிடம் வாங்குகிற வரி 42. மொத்தம் 1,054. மிச்சம் 146 மார்க் ஐஸ்கிறீமுக்கும் மற்றதுக்கும். அதன் கீழ் இரண்டு கோடு போட்டிருக்கிறேன். அவ்வளவு சந்தோசம்.

யூன் மாதக் கடைசியில் கொழும்பிலிருந்து ரெலிபோன் வந்தது. அம்மா!

வேலணையை 1990 இல் ஆமி பிடித்தபோது வெளிக்கிட்டவ. பிறகு கொக்குவில். 1995 இல் எல்லாச் சனத்தோடும் தென்மராட்சிக்கு நடந்து, திரும்பவும் கொக்குவில். இப்போது கண் ஒப்பரேசனுக்காக, பாஸ் எடுத்து, காங்கேசன்துறையிலிருந்து கப்பலில் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து கொழும்பு. வெள்ளவத்தையில் தூரத்துச் சொந்தம் ஒன்றின் வீட்டில் நின்றா. பொலிசில் பதிந்து, டொக்ரருக்குக் காட்டி, நாள் குறித்தாகிவிட்டது. காசு வேணும் என்று அவ கேட்கவேயில்லை. "இரண்டு கண்ணும் செய்யோணுமாம், இப்ப ஒண்டைச் செய்வம்" என்று மட்டும் சொன்னா. ஒரு கண்ணைச் செய்வம் என்றால் என்ன அர்த்தம் என்று மகனுக்குத் தெரியாதா?

அடுத்த நாள் ரின்னிலிருந்து 500 எடுத்து உண்டியலில் போட்டேன். அன்று பின்னேரமே அங்கே கைக்குக் கிடைத்துவிட்டது. அதில் எனக்கு ஒரு யோசனையும் இருக்கவில்லை. யோசனை அதற்குப் பிறகுதான். மிச்சம் 700 மார்க் ரின்னுக்குள் இருந்தது. அதையும் அனுப்பினால் இரண்டாவது கண்ணையும் செய்யலாமே? சரி, அனுப்பினால், மகள் இந்த வருடம் எந்த நாட்டுக்குப் போனதாக எழுதுவாள்?

இதற்கு இன்றைக்கும் என்னிடம் சரியான விடை இல்லை. புலம்பெயர்ந்த எங்கட வீடுகளில் ஒவ்வொரு செலவுக்குப் பக்கத்திலும் ஊரில் யாரோ ஒருவரின் முகம் நிற்கும். சப்பாத்து வாங்கினாலும் நிற்கும், ரி.வி. வாங்கினாலும் நிற்கும். ஆனால் கலியாணவீட்டு மண்டபத்துக்கு இருபதினாயிரம் மார்க் கொட்டும்போது மட்டும் அந்த முகம் எங்கே போகிறதென்று எனக்கு விளங்கவில்லை. பிள்ளைகளோடு ஒரு கிழமை போய் வர 700 மார்க் என்றால்தான் 'ஆடம்பரம்' என்ற சொல் வாயில் வரும். ஆறு வருடத்துக்கு ஒரு உடுப்புப்பெட்டி தூக்காதவன்கூட அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவான். நானும் அப்படித்தான் இருந்தேன்.

மனிசி சொன்னா: "மாமிக்கு மற்றக் கண்ணுக்கு மார்கழிக்குள்ள சேர்த்து அனுப்புவம். இதைக் குழப்பாதேங்கோ. ஆனால் போறம் எண்டு அவவுக்குச் சொல்லாதேங்கோ. அங்கை சனம் கப்பலுக்கு நாள்க்கணக்கில நிக்குது."

அப்போ கணக்கு? இரவுச் சாப்பாட்டை வெட்டினேன். அப்படியும் 788 வந்தது. 88 மார்க் துண்டு விழுகிறது. நாளைக் குறைக்கலாம் என்றால் ரிக்கெற் விடாது. கிழமை நாளில் திரும்பி வந்தால் ஐந்து பேருக்கும் சாதாரண ரிக்கெற் எடுக்க வேணும், அது இரண்டு மூன்று நாள் விடுதிக் காசைத் தின்றுவிடும். கொப்பியில் இரண்டு பக்கம் முழுக்க இந்தச் சண்டைதான். மூன்றாம் நாள் மனிசி அரிசி களைந்துகொண்டே கேட்டா:

"ஏன் சனிக்கிழமையே போகோணும்? ஞாயிறு போய்ச் சனி வந்தால் என்ன?"

பாருங்கோ, ஏழு இரவு ஆறு இரவாகிவிட்டது! விடுதி 552, வரி 36, ரிக்கெற் 70, அங்கத்துவம் 32. மொத்தம் 690. கையில் 10 மார்க் மிச்சம். பத்து மார்க்கோடு ஐந்து பேர் ஆறு நாள் எப்படி என்று நான் தலையைச் சொறிய, உள்ளே போய் ஒரு கடித உறையைக் கொண்டுவந்து வைத்தா. பிளவுஸ் தைத்த காசு, 80 மார்க். அப்படி ஒரு உறை இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். வேறு உறைகள் இருந்தனவா என்று நான் கேட்கவில்லை.

யூலையில் ஒரு ஞாயிறு, விடிய முதல் றெயின். பெட்டியில் உடுப்பைவிடச் சாப்பாடு கூட. வறுத்த அரிசிமா, மீன் ரின், பருப்பு, செத்தல் மிளகாய்ச் சம்பல், பாண், அவித்த முட்டை, ஒரு சின்ன ரைஸ் குக்கர். படுக்கை விரிப்பும் கொண்டுபோனோம், அங்கே வாடகைக்கு எடுத்தால் அதற்கும் காசு. மின்ஸ்ரரில் மாறி, எம்டன் தாண்டி, நாலு மணித்தியாலத்துக்கு மேல். றெயினில் கால்வைக்க இடமில்லை, அந்த ரிக்கெற்றில் முழு யேர்மனியும் ஏறியிருந்தது. ஆனால் எம்டனுக்குப் பிறகு நிலம் பாய் விரித்த மாதிரித் தட்டையாகி, வெளிச்சம் மாறி, காற்றில் ஒரு மணம் வந்தது. எனக்கு மட்டும் தெரிந்த மணம். பேசாமல் யன்னலைத் திறந்துவிட்டேன்.

பெட்டிகளை விடுதியில் வைத்துவிட்டு, ஐந்து பேரும் அணைக்கட்டு மேட்டில் ஏறினோம். மகள்தான் முதலில் ஓடிப்போய் உச்சியில் நின்றாள். நின்றவள் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பா, கடல் எங்கை?"

கடல் இல்லை. கண்ணுக்கு எட்டின தூரம் சேறு. சாம்பல் நிறச் சேறு, நடுவில் நடுவில் குட்டைகள், தூரத்தில் ஒரு கோடு. ஒன்பது மாதம் சேர்த்து, 690 மார்க் கட்டி வந்தால் கடல் இல்லை!

மனிசி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "சேறு பாக்கிறதெண்டால் எங்கட வயலுக்கே போயிருக்கலாம்" என்றா. நடுவிலான் சிரிக்கத் தொடங்க, எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எங்கட பக்கத்துக் கடலில் ஏற்ற வற்றம் இருக்கிறதுதான், ஆனால் மிஞ்சிப்போனால் இரண்டு மூன்று அடி. இங்கே எட்டடிக்குக் கிட்ட. கரையும் தட்டை என்றபடியால் தண்ணீர் கிலோமீற்றர் கணக்கில் பின்னுக்குப் போய்விடும். ஆறு மணித்தியாலத்தில் திரும்பி வரும். தீவில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாது. வழியால் போன கிழவர் ஒருவர்தான் எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, "கவலைப்படாதீர்கள், பின்னேரம் வந்துவிடும்" என்றார், பஸ் வரும் என்று சொல்வது போல.

வந்தது. ஒரு அலையும் இல்லாமல், சத்தமில்லாமல், குட்டைகளை ஒன்றொன்றாகச் சேர்த்துக்கொண்டு வந்தது. பிள்ளைகள் மூன்றும் இரவுச் சாப்பாட்டை மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த நாளிலிருந்து எங்கள் முழு நேர அட்டவணையும் கடலுடையதுதான். துறைமுகத்தில் நீரேற்ற நேரம் எழுதிப் போட்டிருப்பார்கள், ஒவ்வொரு நாளும் ஐம்பது நிமிடமளவில் பிந்தும். மகள் அதைக் கொப்பியில் பார்த்து எழுதினாள். தண்ணீர் இருந்தால் குளிப்பு. இல்லாவிட்டால் கரையோடு சேற்றில் வெறுங்காலில் நடை, மண்புழு மாதிரி ஒன்று கக்கி வைத்திருக்கிற குட்டிக் குட்டி மண் சுருள்கள், நண்டு, சிப்பி. இவ்வளவும் இலவசம். (தனியாகத் தூரம் போகக்கூடாது. தண்ணீர் முதலில் பின்பக்கத்து வாய்க்கால்களை நிரப்பிவிடும், திரும்ப வழியிருக்காது. தூரம் நடக்க வழிகாட்டியோடுதான் போகவேணும், அதற்குக் காசு.) அந்தக் கரை 2009 இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. அப்போது எங்கள் வீட்டில், நாங்கள்தான் கண்டுபிடித்த மாதிரிக் கதைத்தார்கள்.

இரண்டாம் நாள் இரவு ரைஸ் குக்கர் பிடிபட்டது. அறையில் சமைக்கக்கூடாது என்று கதவிலேயே எழுதியிருந்தது, எங்களுக்குத் தெரியும். யன்னலைத் திறந்து வைத்து, கதவுக்கடியில் துவாய் அடைத்து, பருப்பும் சோறும். ஆனால் செத்தல் மிளகாய்ச் சம்பலுக்குத் துவாய் தெரியுமா? விடுதிப் பொறுப்பாளர் அம்மா வந்து கதவைத் தட்டினா. அறை நடுவில் குக்கர், சுற்றிவர ஐந்து பேர், கையில் கோப்பைகள். நான் எழும்பி நின்று மன்னிப்புக் கேட்டேன். நாளைக்குப் போகச் சொன்னால் கிழமை நாளில் ரிக்கெற்றுக்குக் காசு இல்லையே என்றுதான் மனதுக்குள் ஓடியது. அந்த மனுசி குக்கரைப் பார்த்தா, கடைக்குட்டியைப் பார்த்தா. "இங்கே நெருப்பு எச்சரிக்கை மணி அடித்தால் எழுபது பிள்ளைகளை நான் மழைக்குள் இறக்க வேணும்" என்றா. பிறகு கீழே கூட்டிக்கொண்டு போய், பின்பக்கத்தில் தேத்தண்ணி போடுகிற சின்னக் குசினி ஒன்றைக் காட்டி, இரவு ஏழரைக்குப் பிறகு இங்கே சமையுங்கள், துடைத்துவிட்டுப் போங்கள் என்றா. மிச்ச நாலு இரவும் சுடச்சுடப் புட்டு!

நோர்டெர்னை தீவுக்குக் கப்பல் அங்கிருந்துதான் போகும். மகளுக்கு அதில் ஏறவேணும் என்று ஒரே ஆசை. ஐந்து பேருக்குக் கேட்டுப் பார்த்தேன், முடியாது. துறைமுகத்தில் இருந்து கப்பல் போவதையும் வருவதையும் பார்த்தோம். கடல்நாய்க் குட்டிகளை வைத்துப் பராமரிக்கிற நிலையத்துக்கு ஒரு நாள் காசு கட்டிப் போனோம். அதுதான் எங்கள் பெரிய செலவு.

வியாழக்கிழமை என்னால் இருக்க முடியவில்லை. அன்றைக்கு அம்மாவுக்கு ஒப்பரேசன் முடிந்து மூன்றாம் நாள். 12 மார்க் ரெலிபோன் அட்டை ஒன்று வாங்கிக்கொண்டு கரையோரக் கூண்டுக்குப் போனேன். இலங்கைக்கு அந்த அட்டை சில நிமிடம்தான். கதவு சரியாகப் பூட்டாது, காற்று அடித்தது.

அம்மாதான் எடுத்தா. கண்ணில் கட்டு, நோ இல்லை, டொக்ரர் நல்ல பிள்ளை. பிறகு கேட்டா: "எங்கையடா நிக்கிறாய்? ஒரே இரைச்சலாக் கிடக்கு."

வேலைத்தலம் என்று சொல்ல வாய் திறந்தேன். அது கூடத் தயாராக வைத்திருந்தேன், வேலையிடத்தால் இலவசமாகக் கூட்டிக்கொண்டு வந்தவை என்று இரண்டாவது பொய்யும் கையில் இருந்தது.

"கடல் அம்மா. பிள்ளையளோட வந்தனான்."

அந்தப் பக்கம் சத்தமில்லை. அட்டையில் காசு குறைகிறது மட்டும் தெரிந்தது.

"சாட்டி மாதிரியோ?"

"இல்லையம்மா. இது காலமை போய்ப் பின்னேரம் வருகிற கடல்."

"கடல் எங்கையடா போறது?" என்று சிரித்தா. "பிள்ளையளை ஈரத்தலையோட விடாதை. சளி பிடிக்கும். உனக்குச் சின்னனிலை..."

அட்டை முடிந்துவிட்டது. எவ்வளவு செலவு என்று கேட்பா என்று நினைத்துக்கொண்டுதான் போனேன்.

திரும்பி வர மனிசி மணலில் இருந்து நிமிர்ந்து பார்த்து, "சொல்லிப்போட்டியள் என்ன?" என்றா. ஓம் என்றேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை. மற்றக் கண்ணுக்கு மார்கழியில் முடியவில்லை, அடுத்த வருடம் சித்திரையில்தான் அனுப்பினோம். அந்த நாலு மாதப் பிந்தலும் என் கணக்கில்தான் இருக்கிறது.

சனி இரவு வீட்டுக்கு வந்தபோது கையில் 4 மார்க் 30 பெனிக் மிச்சம். மகள் நாலாம் வகுப்புத் தொடங்கியதும் எழுதிய கட்டுரைக்குத் தலைப்பு, 'கடல் வீட்டில் இல்லை'. ஆசிரியை அதை வகுப்பில் வாசிக்க வைத்தாவாம். ரைஸ் குக்கர் கதையையும் எழுதிவிட்டாள் என்பதுதான் எனக்கு வெட்கம்.

2003 இல், ஏ9 பாதை திறந்த அடுத்த வருடம், யேர்மன் கடவுச்சீட்டோடு குடும்பமாக ஊருக்குப் போனோம். அது வேறு கணக்கு, வேறு கொப்பி. அம்மா படலையில் நின்று பேத்தியைக் கட்டிப்பிடித்து முகர்ந்துவிட்டு முதலில் கேட்டது, "எங்கை, அந்தப் போற கடலைப் பற்றிச் சொல்லு பாப்பம்." அக்கம்பக்கம் முழுக்க அந்தக் கதை தெரிந்திருந்தது. வெட்கப்பட்டு ஒளித்து வைக்க நினைத்ததை அவ ஐந்து வருடமாக ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறா. 2022 கோடையில் மூன்று மாதம் 9 யூரோ ரிக்கெற் விட்டார்கள் இல்லையா, அப்போது நானும் மனிசியும் மட்டும் திரும்ப நோர்ட்டைக் போனோம். இந்த முறை கப்பலில் ஏறித் தீவுக்கும் போய், மகளுக்குப் படம் அனுப்பினோம்.

தம்பிக்குச் சொன்னவை இவை. 49 யூரோவில் 2023 இல் தொடங்கிய மாத ரிக்கெற் இப்போது விலை கூடிவிட்டது, ஏற்கெனவே வேலைக்காக வைத்திருந்தால் உங்களுக்கு அது போதும், மனிசிக்கும் பிள்ளைகளுக்கும் அந்த நாளைக்கு மட்டும் ஐந்து பேர் வரை போகும் ஒரு நாள் ரிக்கெற்றைப் பாருங்கோ, கிழமை நாளில் காலை 9 மணிக்குப் பிறகுதான் செல்லும். விடுதிக்கு இப்போதே எழுதுங்கோ, குடும்ப அறைகள் முதலில் முடிந்துவிடும். குசினி இருக்கிறதா என்று எழுதும்போதே கேளுங்கோ, எங்களைப் போலத் துவாய் அடைக்க வேண்டாம். சில மாநிலங்களில் வருமானம் குறைந்த குடும்பங்களின் விடுமுறைக்கு உதவிக்காசு உண்டு, இளையோர் அலுவலகத்தில் கேட்க வெட்கப்படாதேங்கோ. நாங்கள் கேட்கவில்லை, கேட்கலாம் என்றே தெரியாது.

"ஓம் அண்ணை, ஓம் அண்ணை" என்று எழுதிக்கொண்டார். ஒன்றை மட்டும் சொல்ல மறந்துபோய், அடுத்த நாள் நானே திரும்ப எடுத்தேன். நீரேற்ற நேரத்தை முதலில் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு றெயினுக்கு நேரம் பாருங்கோ, பிள்ளைகள் மேட்டில் ஏறும்போது கடல் நிற்கவேணும் என்றேன்.

கொஞ்சம் யோசித்தார். "இல்லை அண்ணை, இல்லாத நேரமே போறன்" என்றார்.